அந்நியக் கோளில் கப்பலை இழந்தவர்கள்: கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் எழுதிய முதல் அறிவியல் புனைகதையில் மூன்றாவது வரியிலேயே விண்கலம் வெடித்துவிடும். நான்காவது வரியில் கேப்டன் எழுந்து, உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி ஆழமாக மூச்சு விடுவார். ஐந்தாவது வரியில் பாறைக்குப் பின்னால் ஏதோ உறுமும். அந்தக் கதையை எந்தப் பத்திரிகையும் போடவில்லை, நல்லவேளை. ஆனால் அதற்கப்புறம் நண்பர்கள் படித்துப் பார்க்கச் சொல்லித் தருகிற இதே வகைக் கதைகளில் என் பழைய தவறுகளையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வேற்றுக் கோளில் இதுவரை எந்த மனிதரும் கப்பலை இழந்ததில்லை. அதனால் உதாரணத்துக்கு அண்டார்டிகாவுக்குத்தான் போக வேண்டும். நூறு வருடத்துக்கு முன்னால் அது கிட்டத்தட்ட வேறு கோள் மாதிரிதான் இருந்தது.

கப்பல் போகும் விதம்

வெடிப்பு, எழுதுகிறவருக்கு வசதி. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் வாசகர் அந்தக் கப்பலில் ஒரு நாள்கூட வாழ்ந்திருக்க மாட்டார். போனால் போகட்டும் என்றுதான் இருப்பார்.

துருவப் பயணி எர்னஸ்ட் ஷேக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில், அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலின் பனிக்கட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அதில் 28 பேர் இருந்தார்கள். பனி அதை உடனே நொறுக்கிவிடவில்லை. மாதக்கணக்கில் பிடித்து வைத்து, நெருக்கி, தளர்த்தி, மறுபடி நெருக்கியது. அக்டோபர் 27 அன்றுதான் எல்லாரையும் இறங்கச் சொன்னார் ஷேக்கிள்டன். அதன் பிறகும் மூன்று வாரத்துக்கு மேல் உடைந்த கப்பல் கண்ணெதிரே நின்றது. போய்ப் போய்ப் பலகையும் உணவுப் பெட்டிகளும் எடுத்து வந்தார்கள். நவம்பர் 21 அன்று அது பனிக்கடியில் இறங்கியது. ஆக, கப்பல் போக பத்து மாதம் ஆனது. பத்து மாதமும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது அதே பயணத்தின் மறுபாதி. கண்டத்தின் எதிர்ப்பக்கத்தில், ராஸ் கடலோரம், அரோரா என்ற இன்னொரு கப்பல் நின்றது. ஷேக்கிள்டன் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து வரும்போது சாப்பிட, வழிநெடுக உணவு மூட்டைகளைப் புதைத்து வைப்பது அந்தக் குழுவின் வேலை. 1915 மே மாதம் ஒரு இரவில் புயல் அடித்தது. நங்கூரக் கயிறுகள் அறுந்து, கப்பல் பனியோடு பனியாக அடித்துச் செல்லப்பட்டது. கரையில் பத்துப் பேர். கப்பல் இங்கேதானே நிற்கப்போகிறது என்று பெரும்பாலான பொருட்களை அவர்கள் இறக்கியே இருக்கவில்லை.

கவனியுங்கள், கப்பல் வெடிக்கவில்லை, மூழ்கவில்லை. பார்க்கும்போது அது அங்கே இல்லை, அவ்வளவுதான். முந்தைய பயணக் குழுக்கள் விட்டுப்போன குடிசையும், அதில் கிடந்த மிச்சம்மீதியும்தான் அவர்களுக்குச் சொத்து. பழைய கூடாரத்தின் கேன்வாஸ் துணியில் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார்கள். சீல் கொழுப்பில் அடுப்பெரித்தார்கள். அந்த நிலையிலும் போய் ஷேக்கிள்டனுக்காக உணவு மூட்டைகளை வைத்தார்கள். ஷேக்கிள்டனோ கண்டத்தில் கால் வைக்கவே இல்லை. பத்தில் மூன்று பேர் செத்துப்போனார்கள். மற்ற ஏழு பேரை 1917 ஜனவரியில் வந்து மீட்டது எது தெரியுமா? அவர்களை விட்டுப்போன அதே அரோரா. யாராவது கற்பனையாக எழுதித் தந்திருந்தால், "இது ரொம்ப ஓவர்" என்று நானே அடித்திருப்பேன்.

இதில்தான் நம் கதைகளின் பெரிய தவறு இருக்கிறது. கப்பலை நாம் ஒரு வண்டியாகவே நினைக்கிறோம். வண்டி போச்சு, நடக்க வேண்டியதுதான் என்று கதை நகர்ந்துவிடுகிறது. ஆனால் வேற்றுக் கோளில் கப்பல்தான் நுரையீரல், அடுப்பு, கிணறு, கழிப்பறை, கடிகாரம். "கப்பலை இழந்தார்கள்" என்று ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், எது எது கப்பலுக்குள் இருந்தது, எது இறக்கப்பட்டது, யார் பையில் என்ன மிச்சம் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பாதிக் கதை அந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும்.

எடுத்துப் போகிற பொருளும் அப்படித்தான். பனியில் இறங்கியதும் ஷேக்கிள்டன் ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருள்தான் வைத்துக்கொள்ளலாம் என்றார். சொல்லிவிட்டுத் தன்னிடம் இருந்த தங்கக் காசுகளைப் பனியில் வீசினார். ஆனால் ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ வாத்தியத்தை மட்டும், எடை அதிகம் என்று தெரிந்தும், மனதுக்கு மருந்து என்று சொல்லி எடுத்துவர வைத்தார். புகைப்படக்காரர் ஹர்லி கண்ணாடித் தகடுகளில் ஏறத்தாழ 120ஐ மட்டும் பொறுக்கிக்கொண்டு, மனம் மாறிவிடக்கூடாது என்று மற்ற நானூறு தகடுகளை அங்கேயே உடைத்துப் போட்டார்.

வடதுருவப் பக்கம் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி உண்டு. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் பிராங்க்ளின் 1845இல் கொண்டுபோன இரண்டு கப்பல்களையும் அவருடைய ஆட்கள் 1848இல் கைவிட்டு நடந்தார்கள். 1859இல் தேடிப் போனவர்கள் ஒரு சறுக்கு வண்டியின் மேல் ஏற்றிய படகைக் கண்டுபிடித்தார்கள். அதில் வெள்ளிக் கரண்டிகள், புத்தகங்கள், செருப்புகள், பட்டுக் கைக்குட்டைகள். கிளம்பிப் போன 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. உங்கள் பாத்திரம் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று ஒரு பத்தி எழுதினால், அது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்

சரி, காற்றுக்கு வருவோம். செவ்வாயை எடுத்துக்கொள்ளலாம், நமக்கு நன்றாகத் தெரிந்த கோள் அதுதான். அதன் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற காற்றிலும் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் உடல் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். அதற்காக ஹெல்மெட் உடைந்ததும் கண் பிதுங்கி உடம்பு வெடிப்பதாக எழுதுவதும் தவறு. 1966இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் சோதனை செய்துகொண்டிருந்த ஜிம் லெபிளாங்க் என்பவரின் உடையிலிருந்து காற்றுக் குழாய் கழன்றுவிட்டது. பதினான்கு பதினைந்து வினாடிகளில் மயங்கி விழுந்தார். விழுவதற்கு முன் அவர் உணர்ந்த கடைசி விஷயம், நாக்கின் மேல் எச்சில் கொதித்தது. அழுத்தம் திரும்பியதும் எழுந்துவிட்டார், பெரிய பாதிப்பு ஒன்றுமில்லை. வெடிக்கிற உடம்பைவிடக் கொதிக்கிற எச்சில் எவ்வளவு பயங்கரம் என்று பாருங்கள்.

ஆக்சிஜன் கணக்கில் இன்னொரு கோட்டை விடுகிறோம். "ஒரு கருவியைத் தட்டினார், ஆக்சிஜன் தயாராகத் தொடங்கியது" என்று எழுதிவிடுகிறோம். செவ்வாயில் ஓடும் நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தியில் மாக்ஸி என்ற கருவி உண்மையிலேயே செவ்வாய்க் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்தது. 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி, மொத்தம் எடுத்தது 122 கிராம். அதிகபட்ச வேகம் மணிக்கு 12 கிராம். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 840 கிராம் வேண்டும். அதாவது அப்படிப்பட்ட மூன்று கருவிகள் இரவு பகல் நிற்காமல் ஓடினால் ஒருவர் மூச்சு விடலாம். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒரு கருவி பழுதானால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வேற்றுக்கிரக மிருகம் எதற்கு?

ஆக்சிஜன் தீர்ந்து சாவதாகவே எல்லாரும் எழுதுகிறார்கள் என்பதும் எனக்கு ஒரு குறை. பெரும்பாலும் முதலில் கொல்ல வருவது நாம் விட்ட மூச்சுதான். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 பழுதானபோது மூவரும் நிலவில் இறங்க வேண்டிய கலத்துக்குள் ஒதுங்கினார்கள். அது இருவருக்காகச் செய்யப்பட்டது. அங்கே ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் டப்பாக்கள்தான் போதவில்லை. தாய்க்கலத்தில் மிச்ச டப்பாக்கள் இருந்தன, ஆனால் அவை சதுரம். இங்கே பொருத்த வேண்டிய இடமோ வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டும் டேப் எல்லாம் வைத்து ஒப்பேற்றினார்கள்.

நெருப்பு விஷயத்திலும் ஒரு சிக்கல். சனியின் நிலவான டைட்டனில் மீத்தேன் ஏரிகள் இருப்பது தெரிந்ததும், ஒரு தீப்பொறி பட்டால் அந்த நிலவே பற்றி எரியும் என்று எழுத ஆசை வரும். அங்கே ஆக்சிஜனே இல்லை. எத்தனை தீக்குச்சி கிழித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. உங்கள் கூடாரத்திலிருந்து கசிகிற ஆக்சிஜன்தான் அங்கே எரிபொருள் மாதிரி நடந்துகொள்ளும். இதை வைத்து ஒரு நல்ல கதை எழுதலாம், நான் இன்னும் எழுதவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப் புயல் ஆளைத் தூக்கி எறிவதாக எழுதுவதையும் விட்டுவிடலாம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அடித்தாலும் அவ்வளவு மெல்லிய காற்று தென்றல் போலத்தான் படும். அந்தப் புயல் செய்கிற வேலை வேறு: வெயிலைத் திருடுகிறது. 2018இல் கோள் முழுவதையும் தூசி மூடியபோது, சூரியத் தகட்டில் ஓடிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி ஜூன் 10 அன்று கடைசியாகப் பேசியது. பதினான்கு வருடம் ஓடிய வண்டியை அடியோ உதையோ எதுவும் இல்லாமல் இருட்டு முடித்துவிட்டது.

தின்பதும் தின்னப்படுவதும்

பசியோடு அலைகிற வீரர் வேற்றுக் கோளின் பழம் ஒன்றைக் கடித்து, "தித்திப்பாக இருக்கிறதே" என்பார். புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள், நம் இரண்டு கைகள் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வகையாக இருக்கலாம். பூமியின் உயிர்களில் புரதங்கள் இடக்கை வகையால் ஆனவை. அங்கே வலக்கை வகையில் உயிர் உருவாகியிருந்தால் அந்தப் பழத்தின் புரதம் நம் உடம்புக்கு உதவாது. வயிறு நிறையும், உடம்பு தேறாது. நிறைந்த வயிற்றோடு மெலிந்து சாவது, விஷத்தைவிட நல்ல சாவு, கதைக்குச் சொல்கிறேன். மிருகத்துக்கும் இதே கதிதான். உங்களைத் தின்று அதற்கு லாபமில்லை.

செவ்வாய் மண்ணில் அப்படியே விதை ஊன்றுவதும் வேண்டாம். 2008இல் பீனிக்ஸ் கலம் அந்த மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டுபிடித்தது. தைராய்டைக் கெடுக்கும் சமாச்சாரம். முதலில் மண்ணைக் கழுவ வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும். மறுபடியும் கணக்குதான்.

கோள் முழுக்க ஒரே பாலைவனம், கோள் முழுக்க ஒரே காடு என்று எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராமநாதபுரத்துக்கும் ஊட்டிக்குமே எவ்வளவு வித்தியாசம்! பூமியோடு பேசுவதும் அப்படியே: செவ்வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து சேரத் தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம், மிக அருகில் இருக்கிற வேற்று விண்மீனிலிருந்து 4 வருடத்துக்கு மேல். "ஹலோ, கேட்கிறதா?" என்று வைக்காதீர்கள்.

கூட இருப்பவர்கள்

நம் கதைகளில் கப்பல் போனதும் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். அல்லது ஒருவர் மட்டும் வில்லனாகிறார். எண்டூரன்ஸ் தச்சர் மெக்னிஷைப் பாருங்கள். படகுகளைப் பனியில் இழுத்து இழுத்துச் சலித்து, 1915 டிசம்பரில் ஒரு நாள் வேலை செய்ய மறுத்துவிட்டார். கப்பலே போன பிறகு கப்பல் ஒப்பந்தம் எப்படிச் செல்லும் என்பது அவர் கேள்வி. கேள்வியில் தப்பே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஷேக்கிள்டன் அதைப் பொறுக்கவில்லை. அதற்கு முன்பே, எல்லாருக்கும் செல்லமாக இருந்த மெக்னிஷின் பூனையைச் சுடச் சொன்னதும் அவர்தான். பிறகு ஷேக்கிள்டனோடு சேர்த்து ஆறு பேர் உதவி தேடித் தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போன ஜேம்ஸ் கேர்ட் என்ற படகின் பக்கங்களை உயர்த்தி, கேன்வாஸ் மூடி, ஓவியர் வைத்திருந்த பெயின்ட்டையும் சீல் ரத்தத்தையும் இடுக்குகளில் பூசிக் கடலுக்குத் தயாராக்கியது இதே மெக்னிஷ். அந்தப் படகு இல்லாவிட்டால் யாருமே இல்லை. ஊர் திரும்பியதும் துருவப் பதக்கத்துக்கு அவர் பெயரை ஷேக்கிள்டன் சிபாரிசு செய்யவில்லை. இந்த மாதிரி ஒரு உறவை எழுத முடிந்தால் கோளைப் பற்றி ஒரு வரிகூடத் தேவைப்படாது.

பேச்சிலும் ஒரு விஷயம். "உனக்குத் தெரியுமா, இங்கே ஈர்ப்பு விசை பூமியில் 38 சதவீதம்தான்!" என்று ஒரு விண்வெளி வீரர் இன்னொருவரிடம் சொல்ல மாட்டார். அது தெரியாமல் அவர் அங்கே எப்படி வந்தார்? கேப்டன் ஜான், டாக்டர் ஸ்டெல்லா என்றே பெயர் வைப்பதும் ஏனோ நம்மை விடவில்லை. மதுரைக்காரர் ஒருவர் அங்கே இருந்தால், "அண்ணே, பம்பு நின்னுடுச்சு" என்றுதான் சொல்வார். அந்த மூன்று வார்த்தையில் வருகிற பயம் எந்த அறிக்கையிலும் வராது.

மீட்பு

கடைசிப் பக்கத்தில் வானத்தில் ஒரு வெளிச்சம், எல்லாரும் கையசைக்கிறார்கள், முற்றும். அண்டார்டிகா ஓரத்திலுள்ள எலிஃபண்ட் தீவில் 22 பேரை விட்டுவிட்டு ஷேக்கிள்டன் அந்த ஜேம்ஸ் கேர்ட் படகில் போன பிறகு, அவர்களை மீட்க நான்கு கப்பல்கள் தேவைப்பட்டன. முதல் மூன்றையும் பனி திருப்பி அனுப்பியது. நான்காவதான சிலி நாட்டு யெல்சோ 1916 ஆகஸ்ட் 30 அன்று வந்தது. அதுவரை நான்கு மாதம், கவிழ்த்த படகுகளுக்கு அடியில் வாழ்ந்துகொண்டு, ஷேக்கிள்டன் இன்றைக்கு வரலாம் என்று சொல்லித் தினமும் காலையில் படுக்கைகளைச் சுருட்டிக் கட்ட வைத்தார் துணைத் தலைவர் ஃபிராங்க் வைல்ட். மீட்பை எழுதுவதைவிட அந்தச் சுருட்டுதலை எழுதுவது கடினம். ஆனால் அதைத்தான் எழுத வேண்டும்.

திரும்பி வருகிற பூமி போனபோது இருந்த பூமி அல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கிய சமயம்தான் எண்டூரன்ஸ் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது. 1916 மே 20 அன்று, தெற்கு ஜார்ஜியாவின் மலைகளைக் கடந்து ஸ்ட்ரோம்னெஸ் திமிங்கில வேட்டை நிலையத்துக்குள் தாடியும் கந்தலுமாக நுழைந்த ஷேக்கிள்டன், போர் எப்போது முடிந்தது என்று கேட்டார். முடியவில்லை, இன்னும் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. ஜேம்ஸ் கேர்ட் படகில் அவரோடு வந்த ஐந்து பேரில் ஒருவரான டிம் மெக்கார்த்தி, ஊர் திரும்பி ஒரு வருடம்கூட ஆகாமல், 1917 மார்ச்சில் கடலிலேயே போரில் இறந்தார்.