க்ரூகரில் குடும்பத்தோடு கார் சஃபாரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் வழிகாட்டி இல்லாமல் நாமே கார் ஓட்டிப்போய் யானையையும் சிங்கத்தையும் பார்க்கலாம். நம் ஊர் மாதிரியே இடப்பக்கம் ஓட்டும் நாடு. சாதாரண வாடகை செடான் போதும். இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே பலர் இதை நெடுஞ்சாலைப் பயணம் போலத் திட்டமிடுகிறார்கள். கெடுவது அங்கேதான்.

பூங்காவுக்குள் தங்கும் இடங்களில் ஒன்றான ஸ்குகுசா முகாமிலிருந்து இன்னொன்றான சடாரா முகாம் சுமார் 92 கி.மீ. ‘இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்’ என்று கணக்குப் போடாதீர்கள். தார்ச்சாலையில் வேக வரம்பு 50, மண்சாலையில் 40. புதருக்குள் அசையும் ஒரு காது கண்ணில் பட வேண்டுமானால் 25-ஐத் தாண்டக்கூடாது. நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். பூங்காவின் நீளம் 350 கி.மீ.க்கு மேல், நாலு நாளில் அத்தனையையும் பார்க்க நினைத்தால் சாலையைத்தான் பார்ப்பீர்கள். லோயர் சபியில் இரண்டு இரவு, சடாராவில் இரண்டு இரவு போதும். லோயர் சபி முகாமுக்குப் பக்கத்திலேயே சன்செட் டேம் என்ற நீர்த்தேக்கம் இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நீர்யானையும் முதலையும் கண் முன்னே. ஓடித் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜோகன்னஸ்பர்க்கில் மதியம் இறங்கி அன்றே பூங்காவுக்குக் கிளம்புவது அடுத்த தவறு. 400 கி.மீ.க்கு மேல், குறைந்தது ஐந்து மணி நேரம். மே முதல் ஜூலை வரை மாலை 5.30-க்கு வாசல் மூடிவிடும். இருட்டில் அந்தச் சாலைகளில் மாடும் குழியும் தெரியாது. வழியில் ம்பொம்பெலா நகரில் தங்கிவிட்டுக் காலையில் நுழையுங்கள்.

நம் பள்ளி விடுமுறையில் போவதென்றால் ஏப்ரலைவிட மே கடைசி நல்லது. ஏப்ரலில் மழைக்காலப் புல் இன்னும் உயரமாக நிற்கும். மே கடைசியில் புல் காய்ந்து, விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். விடியலில் நன்றாகக் குளிரும். ‘ஆப்பிரிக்காதானே’ என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மலேரியா உள்ள பகுதி என்பதால் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பெரியவர்களுக்குத் தரும் மலேரியா தடுப்பு மருந்தான டாக்சிசைக்ளினை எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தருவதில்லை. அவர்களுக்கு எடைக்கேற்ற வேறு மாத்திரை உண்டு. ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் க்ரூகர் போய்வந்ததை முதலில் சொல்லுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும்.

ஆபத்தான தவறு யானையிடம்தான் நடக்கிறது. 50 மீட்டர் இடைவெளி விடுங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே காரை நுழைக்கவே கூடாது. ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் கறுப்பாக வழிந்து, பின்னங்கால்களின் உள்பக்கம் சிறுநீரால் நனைந்திருந்தால் நின்று படம் எடுக்கும் வேலையே வேண்டாம். காதை விரித்துத் தலையை உதறினால் அது எச்சரிக்கை. ஹாரன் அடிக்காமல், மெதுவாகப் பின்னால் எடுங்கள். பின்னால் வேறு கார் ஒட்டி நின்றால் அதுவும் முடியாது. ஆகவே யானையைப் பார்த்ததும் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சாலையில் கிடக்கும் சாணம் ஈரமாக மினுங்கினால் கூட்டம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக்கூடாது. பிள்ளைக்கு அவசரம் என்றாலும் விதிவிலக்கில்லை. அதனால் ந்குஹ்லு, ட்ஷொக்வானே போன்ற பிக்னிக் இடங்களைக் கழிப்பறைக்காகவே வரைபடத்தில் குறித்துவையுங்கள். பூங்காவின் திறந்த வண்டிச் சஃபாரியில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். கடைசி நேரத்தில் தெரிந்தால் பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு முகாமிலேயே தங்க நேரும். பைனாகுலர் ஒன்றே ஒன்று கொண்டுபோனால் பின்சீட்டில் சண்டைதான். ஆளுக்கொன்று இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

முகாமில் பல குடில்களில் ஃபிரிட்ஜ் வராந்தாவில் இருக்கும். பபூன் குரங்குகளுக்கு அதைத் திறக்கத் தெரியும். கொக்கியை மாட்டாமல் விடியற்காலை சஃபாரிக்குக் கிளம்பினால், திரும்பி வரும்போது ரொட்டியும் பழமும் இருக்காது.