குத்துச்சண்டை வீரர்களின் பகை நம்மிடம் தொற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

இரண்டு குத்துச்சண்டை வீரர்களுக்கிடையிலான போட்டி, ரசிகர்களிடம் வந்து சேரும்போது பகையாக மாறிவிடுவதை அந்த விளையாட்டைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிவார்கள். அந்தப் பகையில் சிக்காமல் ஒரு பெரிய மோதலைப் பார்க்கவும் அதைப் பற்றி வாதிடவும் விரும்புகிறவர், அது எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும்.

கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் அட்டவணை இருக்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படி ஒன்று இல்லை; உலகப் பட்டத்தை நான்கு அமைப்புகள் தனித்தனியே வழங்குகின்றன. வீரர்களும் ஏற்பாட்டாளர்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் உடன்பட்டால்தான் பெரிய மோதல் நடக்கும். ஃபிளாய்ட் மேவெதருக்கும் மேனி பக்கியாவோவுக்கும் இடையே 2009 இறுதியில் தொடங்கிய பேச்சு, ஊக்கமருந்தைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை பற்றிய தகராறில் முறிந்து, 2015 மே 2 அன்றுதான் லாஸ் வேகாஸில் சண்டையாக நிறைவேறியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ரசிகர்களுக்குச் சண்டையைத் தவிர மற்ற எல்லாம் கிடைத்தன. இத்தகைய காத்திருப்புக் காலத்தில், நமக்குப் பிடிக்காத வீரரின் பழைய சண்டைகளில் இரண்டு மூன்றையாவது முழுமையாகப் பாருங்கள். அவர் எப்படிக் கால் வைக்கிறார், எந்தக் கையை நம்புகிறார் என்று அறிந்தவரால் அவரைக் கோழை என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

அடுத்ததாக, செய்தியாளர் சந்திப்பில் பேசப்படும் வசை ஒவ்வொன்றும் எந்தத் தேதியின் நுழைவுச்சீட்டை விற்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். முகமது அலிக்கும் ஜோ ஃபிரேசருக்கும் இடையில் நடந்ததைவிட இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மறுத்து 1967இல் அலி பட்டத்தையும் உரிமத்தையும் இழந்தபோது, அவருக்குப் பண உதவி செய்தவர்களுள் ஃபிரேசரும் ஒருவர். ஆயினும் 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தோல்வியே காணாத இருவரும் மோதவிருந்த நிலையில், ஃபிரேசரை வெள்ளையருக்கு அடங்கிப்போகும் கறுப்பர் என்று அலி மீண்டும் மீண்டும் இகழ்ந்தார். தெற்குக் கரோலினாவின் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஃபிரேசரைவிட, லூயிவில் நகரில் விளம்பரப் பலகை எழுதுபவரின் மகனாக வளர்ந்த அலியின் இளமை வசதியானதாகவே இருந்தது என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. போரை எதிர்த்தவர்கள் பெரும்பாலும் அலியின் பக்கமும், போரை ஆதரித்தவர்கள், ஃபிரேசர் கேட்காமலேயே, அவர் பக்கமும் நின்றதால், நாட்டின் சண்டை முழுவதும் இருவரின் தோளில் ஏற்றப்பட்டது. பதினைந்தாம் சுற்றில் அலியை ஒருமுறை கீழே வீழ்த்தி, நடுவர்களின் மதிப்பெண்ணில் ஃபிரேசர் வென்ற பிறகும் இகழ்ச்சி ஓயவில்லை. 1975இல் மணிலாவில் நடந்த மூன்றாம் மோதலுக்கு முன் அலி அவரைக் கொரில்லா என்றழைத்தார். 2001இல் அலி வருத்தம் தெரிவித்தபோது, சண்டையை விளம்பரப்படுத்தவே அப்படிப் பேசியதாகக் கூறினார். விளம்பரம் என்று பேசியவரே ஒப்புக்கொண்ட சொற்களை ரசிகர்கள் முப்பது ஆண்டுகள் உண்மையென்று சுமந்திருக்கிறார்கள்.

இனமும் நாடும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. 1980 செப்டம்பர் 27 அன்று லண்டன் வெம்பிளியில் வெள்ளையரான உள்ளூர் வீரர் ஆலன் மின்டரை அமெரிக்கக் கறுப்பின வீரர் மார்வின் ஹேக்லர் மூன்றாம் சுற்றிலேயே வென்றபோது, கூட்டம் ரிங்கை நோக்கிப் புட்டிகளை எறிந்தது. புதிய சாம்பியனைக் காவலர்கள் சூழ்ந்து வெளியே கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. (வடசென்னையில் சார்பட்டாப் பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்ற குத்துச்சண்டைக் குழுக்கள் மோதிய காலத்தை அறிந்தவர்களுக்கு, வீரரின் தோல்வி குழுவின் மானப் பிரச்சினையாவது புதிதாக இராது.) வாதத்தில் தோல் நிறமோ நாடோ தலைகாட்டினால், அதற்குப் பதில் சொல்லாமல் விலகிவிடுவதே தக்கது, அங்கே பேசப்படுவது குத்துச்சண்டை அன்று.

தீர்ப்பைப் பற்றிய சச்சரவுக்கு மட்டும் உறுதியான மருந்து உண்டு: நீங்களே மதிப்பெண் போடுவது. சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9, வீழ்த்தப்பட்டுத் தோற்றவருக்குப் பொதுவாக 8 என்பதே முறை. வர்ணனையின் ஒலியை அணைத்துவிட்டு, சுற்று முடிந்ததும், அருகில் இருப்பவரிடம் பேசுவதற்கு முன்பாகவே தாளில் எழுதுங்கள். யாருக்குக் கொடுப்பதென்று தயங்கிய சுற்றுக்கு ஓரத்தில் ஒரு குறி இடுங்கள். இதுவே மிக முக்கியமான பகுதி. பன்னிரண்டு சுற்றுகளில் நான்கு குறிகள் விழுந்திருந்தால், உங்கள் கணக்குக்கு மாறான தீர்ப்பைச் சொல்பவர் குருடருமல்லர், விலைபோனவருமல்லர். 2017 செப்டம்பரில் கனேலோ அல்வாரெஸும் கென்னடி கொலோவ்கினும் மோதியதை நினைவுகொள்ளுங்கள்: ஒரு மதிப்பெண் நடுவர் கொலோவ்கினுக்கு 115-113 என்றும், இன்னொருவர் 114-114 என்றும், மூன்றாமவர் அல்வாரெஸுக்கு 118-110 என்றும் எழுதியதால் சண்டை சமநிலையில் முடிந்தது. முதல் இரண்டும் நேர்மையான கருத்து வேறுபாட்டுக்குள் அடங்கும். மூன்றாவது, கொலோவ்கினுக்கு இரண்டே சுற்றுகளைத்தான் கொடுக்கிறது; என் பார்வையில் அது ஏற்கத்தக்கதன்று. ஆனால் அந்தக் குறை அந்த நடுவருடையது. அதற்காக அல்வாரெஸையோ மெக்சிகோ ரசிகர்களையோ திட்டுவதில் நியாயமில்லை. ஆகவே வாதிடும்போது ‘திருடினார்கள்’ என்று தொடங்காமல், எந்தச் சுற்றை யாருக்கு, ஏன் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

நேரில் அரங்குக்குச் செல்பவர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1996 ஜூலை 11 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், இடுப்புக்குக் கீழே தொடர்ந்து குத்தியதற்காக ஏழாம் சுற்றில் ஆண்ட்ரூ கோலோட்டா தகுதிநீக்கம் செய்யப்பட்டதும், அவரை எதிர்த்து மோதிய ரிட்டிக் போவின் ஆட்கள் ரிங்குக்குள் பாய்ந்தார்கள். சற்று நேரத்தில் கைகலப்பு இருக்கைகளுக்கும் பரவியது. சண்டை தகுதிநீக்கத்தில் முடிந்து, மூலையில் நிற்கும் உதவியாளர்கள் கயிற்றைத் தாண்டுவதைக் கண்டால், அறிவிப்புக்குக் காத்திராமல் வெளியேறும் வழிக்குச் சென்றுவிடுங்கள். தீர்ப்பின் விவரத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.