நட்புப் பந்தயம்தானே என்று போய் விழாதீர்கள்: இன்லைன் ஸ்கேட்டிங் வார இறுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'நட்புப் பந்தயம்' என்ற பெயரே பாதிப் பேரை ஏமாற்றிவிடுகிறது. சிலர் "சும்மா விளையாட்டுக்குத்தானே" என்று ஒன்றையும் சரிபார்க்காமல் வந்து நிற்பார்கள். வேறு சிலர் உலகப் பட்டமே கைக்கு வரப்போகிற மாதிரி பக்கத்தில் வருபவரை முழங்கையால் இடித்துக்கொண்டு போவார்கள். இந்த இரண்டு ரகமாகவும் நான் இருந்திருக்கிறேன். கூட இருந்து பார்த்தவர்கள் விழுந்த கதையும் நான் விழுந்த கதையும் பெரும்பாலும் ஒன்றுதான்: மாதக்கணக்கில் தனியாகவே ஓட்டிப் பழகியவர், முதல்முறையாக இருபது பேர் நடுவில் ஓட்டியிருப்பார். வேகம் போதாமல் யாரும் விழுவதில்லை. அடுத்தவர் என்ன செய்வார் என்று தெரியாமலும், நாம் என்ன செய்யப்போகிறோம் என்று அடுத்தவருக்குத் தெரியாமலும்தான் விழுகிறோம்.

அதற்கு முன்னால், பந்தயத்துக்கு முந்தின இரவு செய்யும் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன்.

முந்தின இரவு ஸ்கேட்டைப் பிரிக்காதீர்கள்

என் முதல் பந்தயத்துக்கு முந்தின இரவு பேரிங் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினேன். இன்லைன் ஸ்கேட்டில் சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். காலுக்கு நான்கு சக்கரம் என்றால், சக்கரத்துக்கு இரண்டு வீதம் இரண்டு காலுக்கும் சேர்த்து மொத்தம் 16 பேரிங். அந்த இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஸ்பேசர் என்று ஒரு குட்டி உலோகக் குழாய் உட்காரும். அதில் ஒன்று மேசைக்கடியில் உருண்டு போனதை நான் கவனிக்கவில்லை. காலையில் வார்ம்-அப்பில் வலது கால் மட்டும் இழுக்கிறது. ஸ்பேசர் இல்லாமல் அச்சு ஸ்க்ரூவை இறுக்கினால் இரண்டு பேரிங்கின் உள்வளையமும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்படும், சக்கரம் இறுகிவிடும். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் சக்கரம் ஆடும். அன்று ஆடுகிற சக்கரத்தோடுதான் ஓடினேன். எப்படி ஓடியிருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

துடைப்பது, சக்கரங்களை இடம் மாற்றுவது எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டு இரண்டு தடவையாவது ஓட்டிப் பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம்தான் அதிகம் தேயும் என்பதால் அதைத் திருப்பி மாட்டுகிறோம். திருப்பிய பிறகு முதல் சில கிலோமீட்டருக்குக் கால் வேறு யாருடையதோ போல இருக்கும். அந்த உணர்வு பந்தயக் கோட்டில் வேண்டாம். முந்தின இரவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஆலன் கீயை எடுத்து எல்லா ஸ்க்ரூவும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது. சக்கரங்களைத் தாங்கும் ஃபிரேமை ஸ்கேட்டின் காலணியோடு சேர்க்கிற ஸ்க்ரூவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பலர் அதை மறந்துவிடுவார்கள்.

புதிய பேரிங் வாங்கினால் வேகம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெட்டிமேல் ஏபெக் 5, 7, 9 என்று போட்டிருப்பது அதன் அளவுகள் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும்தான் சொல்லும். உள்ளே என்ன எண்ணெய் இருக்கிறது, பக்கவாட்டில் உதைத்தால் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. அழுக்கில்லாத ஏபெக் 5, மண் ஏறிய ஏபெக் 9-ஐவிட நன்றாகவே சுற்றும்.

பெரிய சக்கரம் இன்னும் பெரிய ஆசை. 80 மில்லிமீட்டர் சக்கரத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர் பந்தயத்துக்காக யாரிடமாவது 110 அல்லது 125 மில்லிமீட்டர் ஸ்கேட் இரவல் வாங்கி வருவார். அது நேர்ப்பாதையில் அருமையாகப் போகும். ஆனால் ஆள் தரையிலிருந்து உயர்ந்துவிடுவார், கணுக்கால் ஆடும், கிளம்பவும் நேரம் பிடிக்கும், நிற்கவும் நேரம் பிடிக்கும். போதாததற்குப் பந்தய ஸ்கேட்டில் பெரும்பாலும் குதிகால் பிரேக் கிடையாது. பிரேக் இல்லாமல் நிற்கத் தெரியாதவர் பிரேக் இல்லாத ஸ்கேட்டில் கூட்டத்துக்குள் வரவே கூடாது. இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் இல்லை.

புது பூட், புது சாக்ஸ் விஷயமும் அப்படித்தான். கணுக்கால் எலும்பின்மேல் ஒரு கொப்புளம் வந்தால் இரண்டு நாளும் போச்சு.

தனியாக ஓட்டுவது வேறு, வரிசையில் ஓட்டுவது வேறு

வேகம் இரட்டிப்பானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். அதனால்தான் நீண்ட பந்தயங்களில் எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசை கட்டுகிறார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருபவருக்குப் பாரம் கணிசமாகக் குறைகிறது. சைக்கிள் பந்தயத்திலும் இதே கணக்குதான். ஆனால் சைக்கிள் நேர்கோட்டில் போகும், ஸ்கேட்டில் கால் பக்கவாட்டில் உதைக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் வரிசைக்குள் நுழைவதுதான் வார இறுதிப் பந்தயங்களின் முதல் பெரிய தவறு.

முன்னால் இருப்பவர் வலது காலை உதைக்கும்போது நீங்களும் வலது காலைத்தான் உதைக்க வேண்டும். அவர் இடது, நீங்கள் வலது என்று போனால் இரண்டு பேர் காலும் ஒரே இடத்துக்கு வரும். சக்கரத்தோடு சக்கரம் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான், அவர்மேல் ஏறி விழ இன்னும் நாலு பேர் காத்திருப்பார்கள். தாளம் தப்பிவிட்டதா? அவசரப்பட்டுச் சரிசெய்யாதீர்கள். ஒரு உதையைத் தவறவிட்டு, இரண்டு காலிலும் சும்மா உருண்டு, அடுத்த உதையில் சேர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, கண். புதிதாக வருபவர்கள் முன்னால் இருப்பவரின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வருவார்கள். சக்கரத்தில் மாற்றம் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். பார்வை அவர் தோளுக்கு மேலாக, இரண்டு மூன்று பேர் தாண்டி இருக்க வேண்டும். வரிசையின் தலையில் வேகம் குறைந்தால் அது உங்களிடம் வந்து சேர்வதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கையை என்ன செய்வது? ஒரு கையை, சில சமயம் இரண்டையும், முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்குள் கையை அகலமாக வீசினால் அடுத்தவர் மூக்கில் படும். முன்னால் இருப்பவர் திடீரென்று மெதுவானால் அவருடைய கீழ்முதுகில் உள்ளங்கையை லேசாக வைத்து இடைவெளியைக் காப்பது வழக்கம், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தள்ளுவதும் சட்டையைப் பிடித்து இழுப்பதும்தான் தப்பு.

களைப்பில் சட்டென்று நிமிர்வதும் ஆபத்து. நிமிர்ந்தவுடன் காற்று நெஞ்சில் அடிக்கும், வேகம் குறையும், பின்னால் குனிந்து வருபவரின் தலை உங்கள் முதுகில் இருக்கும். வரிசைக்குள் டி-ஸ்டாப் போடுவது, அதாவது ஒரு காலைப் பின்னால் குறுக்கே வைத்து இழுத்து நிற்பது, அதைவிட மோசம். குறுக்கே இழுபடும் அந்தக் கால், பின்னால் வருபவருக்கு நேராகக் கண்ணி வைத்த மாதிரி. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் உதைப்பதை நிறுத்துங்கள், அல்லது அரையடி பக்கம் விலகிக் காற்றை வாங்குங்கள். அது போதும். உங்கள் ஸ்கேட்டில் குதிகால் பிரேக் இருந்தால் பின்னால் வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவருடைய முன்சக்கரம் அதில் மோத வாய்ப்பு உண்டு.

முன்னால் போகும் முறை உங்களுக்கு வரும்போது ஒரு தவறு நிச்சயம் நடக்கும். நல்லவர்கள்தான் இதைச் செய்வார்கள். "இவ்வளவு நேரம் சும்மா வந்தோமே, நம் பங்குக்கு இழுப்போம்" என்று வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். வரிசை இரண்டாக அறுந்து போகும், அறுந்த பின்பாதிக்கு உங்கள் உழைப்பால் ஒரு பயனும் இல்லை. முன்னவர் போன அதே வேகத்தில் போங்கள். களைப்பு வருவதற்கு முன்பே, கையால் காட்டிவிட்டு, ஒரு பக்கமாக முழுதாக விலகுங்கள். விலகிய பிறகுதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்புறம் வாலில் போய் ஒட்டிக்கொள்ளலாம்.

கல், விரிசல், பாதாளச் சாக்கடை மூடி எது தெரிந்தாலும் கத்துங்கள். பின்னால் கேட்பவரும் அதையே கத்த வேண்டும். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இது எதுவும் நடக்காது.

இதையெல்லாம் பந்தயத்தன்று கற்றுக்கொள்ள முடியாது. இரண்டு மூன்று நண்பர்களோடு நான்கு ஞாயிற்றுக்கிழமை வரிசையில் ஓட்டிப் பழகுங்கள். தனியாக ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியதைவிட அது பயன்படும்.

கோட்டில் எங்கே நிற்பது

முன்வரிசையில் நின்றால் முன்னால் போய்விடலாம் என்பது ஒரு கணக்கு. உங்களைவிட வேகமான முப்பது பேர் முதல் 200 மீட்டரில் இரண்டு பக்கமும் உங்களை உரசிக்கொண்டு போவார்கள் என்பது நிஜம். உங்கள் வேகத்துக்கு ஏற்ற இடத்தில், கொஞ்சம் பின்தள்ளியே நில்லுங்கள். துப்பாக்கி வெடித்ததும் முதல் சில அடிகளைக் குட்டிக் குட்டியாக வையுங்கள். நீளமாக உதைக்க அங்கே இடமிருக்காது.

போட்டிக்கு முன் அமைப்பாளர்கள் விதிகளைச் சொல்லும்போது வரிசையில் நின்று அரட்டை அடிக்காதீர்கள். எலிமினேஷன் பந்தயத்தில் குறித்த சுற்றுகளில் கடைசியாகக் கோட்டைக் கடப்பவர் வெளியேற வேண்டும். அதை, குறித்த சுற்றுகளில் முன்னால் கடப்பவர்களுக்குப் புள்ளி தரும் பாயின்ட்ஸ் ரேஸ் என்று நினைத்துக்கொண்டு பின்னால் ஓய்வெடுத்து, மூன்றாவது சுற்றிலேயே வெளியே வந்து நின்றவரை எனக்குத் தெரியும். (நான் இல்லை.)

டிராக்கில் ஓட்டுவது எப்போதும் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக, அதாவது இடப்பக்கம் திரும்பியே. 200 மீட்டர் டிராக்கில் 10 கிலோமீட்டர் என்றால் 50 சுற்று, 100 வளைவு, அத்தனையும் இடது. வலது காலை இடது காலுக்கு முன்னால் தாண்டி வைக்கும் கிராஸ்ஓவர் கைவராமல் போனால் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி அதிக தூரம் ஓட்ட வேண்டியிருக்கும். பூங்காவில் இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிப் பழகியவர்களின் இடது தொடை இருபதாவது சுற்றில் கெஞ்சும்.

டபுள் புஷ் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-களில் அமெரிக்காவின் சாட் ஹெட்ரிக் பிரபலப்படுத்திய உத்தி அது. தரையில் ஊன்றிய காலை முதலில் உள்பக்கம் இழுத்து ஒரு தள்ளு, பிறகு வெளியே உதைத்து இன்னொரு தள்ளு. அவர் பின்னாளில் ஐஸ் ஸ்கேட்டிங்குக்கு மாறி 2006 டூரின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தங்கமே வாங்கினார். யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் அதை முயல்பவர் தங்கம் வாங்க மாட்டார், பக்கத்தில் இருப்பவரின் பாதையைத்தான் வாங்குவார்.

இரண்டாவது நாள் என்று ஒன்று உண்டு

சனிக்கிழமை குறுந்தூரப் போட்டிகள், ஞாயிறு நீண்ட தூரம் என்று வைப்பது பரவலாக உள்ள ஏற்பாடு. சனிக்கிழமையே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் மறுநாள் இடுப்பு குனியாது. மாரத்தான் என்றால் இங்கேயும் 42.195 கிலோமீட்டர்தான். உலகத் தரத்தில் இருப்பவர்கள் அதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள், முதல்முறை ஓட்டுபவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் ஐந்து கிலோமீட்டரில் தன் தகுதிக்கு மீறிய வரிசையில் தொங்கிக்கொண்டு போய், அறுந்த பிறகு மிச்சத்தைத் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டி முடிப்பவர்கள்தான் அதிகம் துன்பப்படுகிறார்கள். ஒரு படி மெதுவான வரிசையில் சேர்ந்தவர்கள் பாதி வழியில் அவர்களைத் தாண்டிப் போவார்கள்.

மழை வந்தால் வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் சோப்புக் கட்டி ஆகிவிடும். சாயாமல், குட்டி உதைகளாக, உடம்புக்கு அடியிலேயே உதைத்துப் போங்கள். நனைந்த ஸ்கேட்டைப் பைக்குள் போட்டு மூடிவிட்டுத் தூங்கப் போவது பெரிய தவறு. காலையில் பேரிங் துருவேறி முனகும். அன்றிரவு மட்டும் சக்கரங்களைக் கழற்றி ஈரத்தைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். முந்தின இரவு பிரிக்காதீர்கள் என்று நான் சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. ஸ்பேசரை மட்டும் எண்ணி வையுங்கள்.

கோட்டைத் தாண்டும் வரை, தாண்டிய பிறகும்

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டின் ஆண்கள் ஸ்கேட்டிங் 3,000 மீட்டர் ரிலே. கடைசி வளைவைத் தாண்டி முன்னால் வந்த தென்கொரிய வீரர் கோட்டுக்குச் சற்று முன்பே இரண்டு கையையும் உயர்த்திவிட்டார். பின்னால் வந்த தைவான் வீரர் கொண்டாட்டத்தைப் பார்க்கவில்லை, இடது காலை நீட்டினார். வித்தியாசம் 0.01 விநாடி, தங்கம் தைவானுக்கு. கொரிய வீரர்களுக்கு அந்தத் தங்கத்தோடு கட்டாய ராணுவச் சேவையிலிருந்து கிடைத்திருக்கக்கூடிய விலக்கும் போனது. வெண்கலம் வாங்கியது இந்திய அணி.

நம் மாதிரி ஆட்களின் தவறு இதற்கு நேர் எதிர். 37-ஆம் இடத்துக்காகக் கடைசி நூறு மீட்டரில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் குறுக்கே பாய்வோம். வேகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டுங்கள், உங்கள் கோட்டிலேயே வாருங்கள். கடந்த பிறகு அங்கேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், பின்னால் இன்னொரு வரிசை முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கும்.

நடுவில் விழுந்துவிட்டால் விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள், தரையில் விரித்து ஊன்றிய கைமேல் சக்கரம் ஏறலாம். எழுவதற்கு முன் பின்னால் பாருங்கள், ஓரத்துக்கு நகருங்கள், பிறகு எழுந்து நில்லுங்கள். தலை தரையில் பட்டிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மறுமுறை காக்காது. மறுநாள் போட்டிக்கு வேறு ஹெல்மெட் கிடைத்தால் ஓட்டுங்கள், கிடைக்காவிட்டால் ஓரமாக நின்று கைதட்டுங்கள். தலை சுற்றினாலோ குமட்டினாலோ ஹெல்மெட்டைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், முதலில் மருத்துவ உதவிக் கூடாரத்துக்குப் போங்கள்.

கிளம்பும் அவசரத்தில் கணுக்காலில் கட்டிய டைமிங் சிப்பை அவிழ்த்துக் கொடுக்க மறந்துவிடுவார்கள். இரண்டு சிப் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.