ஷிப்ட் வேலையா? வாட்ச்சில் இப்படிப் பாருங்கள்

செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் மாறி வேலை செய்பவர்கள், ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ஓய்வுநிலை இதயத்துடிப்பை (சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதை) இரவு ஷிப்ட் வாரத்துக்கு இரவு ஷிப்ட் வாரம், காலைக்குக் காலை என்றே ஒப்பிடுங்கள். நேற்றையும் இன்றையும் ஒப்பிடாதீர்கள்.

உடலின் உள்கடிகாரம் துடிப்பை விடியலுக்கு முன் மிகவும் தணிக்கும். பகலில், தகரக் கூரைச் சூட்டில் தூங்கினால் அந்த அளவுக்கு இறங்காது, தூக்கமும் சுருங்கும். அதனால் 62 இருந்த இடத்தில் 67 வந்தாலே நோய் என்று பயப்பட வேண்டாம். அதே ஷிப்டில், போன முறையைவிட 5 துடிப்புக்கு மேல் ஏறி மூன்று நாள் இறங்காவிட்டால்தான் கவனியுங்கள்: காய்ச்சல், தண்ணீர் போதாமை, தூக்கக் கடன் (சேர்ந்துபோன தூக்கக் குறை) காரணமாக இருக்கலாம்.

வார் தளர்ந்தால் அளவு தப்பும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டுங்கள். பின்பக்கக் கண்ணாடியில் ஆலை எண்ணெய் படிந்திருந்தாலும் அளவு தப்பும். காலடிக் கணக்கை விட்டுத்தள்ளுங்கள், வேலையில் வரும் கையசைவையும் அது நடையாக எண்ணும்.

பிசோப்ரோலால், அட்டெனலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், துடிப்பு சீரில்லாதவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. நெஞ்சுவலி வந்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள்.