ஆர்.எஸ். 485 கம்பியில் கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுப்பது எப்படி?

எங்கள் காளான் கொட்டகையில் பத்து இடங்களில் வெப்பநிலை பார்க்க வேண்டியிருந்தது. ஒரே கம்பிச் சோடியில் பல கருவிகள் பேசிக்கொள்ளும் ஆர்.எஸ். 485 முறையில், கொட்டகை நெடுக ஒரு சோடியை இழுத்து, வழியில் ஆர்டுயினோ நானோ என்ற பத்துச் சிறு கணினிப் போர்டுகளை அதிலேயே இணைத்தேன். ஒவ்வொன்றின் முகவரியையும் டிப் சுவிட்சில் கையால் வைத்தேன். இரண்டு போர்டுகளுக்கு 7 என்ற அதே எண்ணை வைத்திருந்தது தெரியவர அரை நாள் ஆனது. ஏழைக் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாகப் பேசும். வந்து சேர்வது குப்பை. அதன் பிறகு முகவரி கொடுக்கும் வேலையை, மற்றவற்றிடம் கேள்வி கேட்கும் மாஸ்டர் போர்டிடமே விட்டுவிட்டேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கம்பியைச் சரியாக அமையுங்கள்

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நானோ, அதன் சிக்னலை இந்தக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றும் ஒரு மேக்ஸ் 485 மாட்யூல், ஒரு டி.எஸ். 18பி20 வெப்பநிலை சென்சார் வேண்டும். மாஸ்டருக்கு ஒரு நானோவும் ஒரு மாட்யூலும் போதும். எல்லா மாட்யூல்களின் ஏ முனைகளையும் ஒரு கம்பியிலும், பி முனைகளையும் மற்றதிலும் சேருங்கள். இரண்டும் முறுக்கிய சோடியாக இருக்கட்டும். கிரவுண்டுக்கு மூன்றாவது கம்பி ஒன்றும் கூடவே போகட்டும். மாட்யூலில் டி.இ. (அனுப்புவதைத் திறப்பது), ஆர்.இ. (பெறுவதைத் திறப்பது) இரண்டையும் ஒன்றாக இணைத்து நானோவின் ஒரு முனைக்குக் கொண்டுவாருங்கள். டி.ஐ. (அனுப்பும் தரவு), ஆர்.ஓ. (வரும் தரவு) இரண்டும் சாஃப்ட்வேர் சீரியலுக்கான, அதாவது சீரியல் தொடர்பை நிரலே நடத்தும் முறைக்கான, முனைகளுக்குப் போகட்டும். வேகம் விநாடிக்கு 9600 பிட் போதும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் பெரும்பாலான மாட்யூல்களில் ஏ, பி முனைகளுக்கு இடையே '121' என்று பொறித்த ஒரு சிறிய ரெசிஸ்டர் இருக்கும். அது 120 ஓம். கம்பியின் இரு கோடிகளில் மட்டுமே அது தேவை. பதினொரு மாட்யூல்களிலும் அப்படியே விட்டுவிட்டால் எல்லாம் பக்க இணைப்பில் சேர்ந்து சுமார் 11 ஓம் ஆகிவிடும். ஆர்.எஸ். 485 சிப்போ 54 ஓம் சுமையைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. ஆகவே முதல் மாட்யூலையும் கடைசி மாட்யூலையும் தவிர மற்றவற்றில் அந்த ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிடுங்கள்.

மாஸ்டர் பக்கத்தில் இன்னும் இரண்டு ரெசிஸ்டர்கள் வேண்டும்: 5 வோல்ட்டிலிருந்து ஏ முனைக்கு ஒரு 560 ஓம், பி முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 560 ஓம். யாரும் பேசாதபோது ஏ முனை பி முனையைவிடச் சுமார் 0.25 வோல்ட் மேலே நிற்கும். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் மேக்ஸ் 485 அதை ஐயமில்லாமல் '1' என்று எடுத்துக்கொள்ளும். இந்த முறை முழுவதும் மௌனத்தை நம்பி நடப்பதால், மௌனம் தெளிவாக இருந்தாக வேண்டும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாளம்

நானோவில் உள்ள சிப்புக்குத் தனக்கென்று நம்பகமான வரிசை எண் கிடையாது. டி.எஸ். 18பி20 சென்சாருக்கு உண்டு. தொழிற்சாலையிலேயே அதற்குள் 64 பிட் எண் பதிக்கப்படுகிறது. முதல் பைட் சென்சாரின் வகையையும் கடைசி பைட் சரிபார்ப்பையும் குறிக்கின்றன. நடுவில் உள்ள ஆறு பைட், அதாவது 48 பிட், அந்த ஒரு சென்சாருக்கு மட்டுமே உரியது. கருவிக்கு மின்சாரம் வந்தவுடன் அந்த ஆறு பைட்டைப் படித்து வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் படி: பதில் என்பது ஒரு தட்டல்

பெயர் தெரியாத பிள்ளைகள் நிறைந்த ஓர் இருட்டு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். "பெயரைச் சொல்லுங்கள்" என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். "உங்கள் எண் பூஜ்யத்தில் தொடங்கினால் மேசையைத் தட்டுங்கள்" என்று கேட்டால், ஒருவர் தட்டினாலும் பத்துப் பேர் தட்டினாலும் நமக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டாலி முறையும் இதே வழியில்தான் தன் கருவிகளைத் தேடுகிறது. அங்கே ஒவ்வொரு கருவியும் தனக்கு ஒரு 24 பிட் எண்ணைத் தற்செயலாக எடுத்துக்கொள்ளும்.

நம் கம்பியில் தட்டல் என்பது ஐந்து மில்லிவிநாடி நேரம் கம்பியை '0' நிலையில் பிடித்திருப்பது. கருவி அதைச் செய்யும் வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலில் டி.ஐ. முனையைக் கீழே இறக்க வேண்டும். அதற்குப் பிறகே டி.இ. முனையை உயர்த்த வேண்டும். ஐந்து மில்லிவிநாடி முடிந்ததும் முதலில் டி.இ. இறங்க வேண்டும், டி.ஐ. கடைசியாக மேலே போக வேண்டும். இந்த வரிசையைக் காத்தால் எத்தனை கருவிகள் சேர்ந்து தட்டினாலும் எல்லாம் ஒரே பக்கம்தான் இழுக்கும். மோதல் என்பதே இல்லை. வரிசை மாறினால் ஒன்று '1' என்று தள்ளும்போது மற்றொன்று '0' என்று இழுக்கும், சிப் சூடாகும்.

கேள்வியை அனுப்பியதும் மாஸ்டர் உடனே தன் டி.இ. முனையை இறக்கிவிட்டு, பத்து மில்லிவிநாடி நேரம் ஆர்.ஓ. முனையைக் கவனிக்கட்டும். தொடர்ந்து மூன்று மில்லிவிநாடி கீழே இருந்தால் அது தட்டல். அதைவிடக் குறைவானது இரைச்சல். கருவிகள் கேள்வி முடிந்து இரண்டு மில்லிவிநாடி பொறுத்துத் தட்டட்டும். ஒவ்வொரு தட்டலும் சீரியல் பஃபரில் (வந்த பைட்டுகள் காத்திருக்கும் இடம்) ஒரு குப்பை பைட்டை விட்டுச் செல்லும். அடுத்த செய்திக்கு முன் அதைக் காலி செய்துவிடுங்கள்.

நான்காம் படி: தேடல்

கேள்விச் செய்திக்குப் பத்து பைட் போதும்: தொடக்கக் குறி, கட்டளை, ஆறு பைட் எண், அதில் எத்தனை பிட் பொருந்த வேண்டும் என்ற கணக்கு, சரிபார்ப்பு. முகவரி இல்லாத கருவிகள் மட்டுமே பதில் சொல்ல வேண்டும்.

48 பிட்டுக்குப் பதில் 4 பிட் என்று வைத்துப் பார்ப்போம். கம்பியில் 0101, 0110, 1100 என்ற மூன்று கருவிகள் இருக்கின்றன. "யாராவது இருக்கிறீர்களா?" தட்டல் கேட்கிறது. "0 என்று தொடங்குபவர்?" தட்டல். "00?" மௌனம், அப்படியானால் 01. "010?" தட்டல். "0100?" மௌனம், அப்படியானால் 0101. முதல் கருவி கிடைத்துவிட்டது. "0101, உன் முகவரி 1" என்று மாஸ்டர் அறிவிக்கிறது. அந்தக் கருவி முகவரியைச் சேமித்துக்கொண்டு, இந்த முறை தட்டலாக இல்லாமல் முழுச் செய்தியாக ஒப்புதல் அனுப்புகிறது. இனி அது தேடலில் வாய் திறக்காது. மீண்டும் முதலிலிருந்து கேட்டால் 0110 கிடைக்கும், அதற்கு அடுத்த சுற்றில் 1100. நான்காவது சுற்றில் "யாராவது இருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கே மௌனம். வேலை முடிந்தது.

நடுவில் ஒரு தட்டல் இரைச்சலில் தவறிப்போனால் மாஸ்டர் இல்லாத எண்ணுக்குப் போய்ச் சேரும். ஒப்புதல் வராது. அந்தச் சுற்றை மறுபடி ஓட்டினால் போதும், எதுவும் கெட்டுப்போவதில்லை. இதனால்தான் ஒப்புதல் செய்தியை விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

9600 வேகத்தில் பத்து பைட் செல்ல ஏறத்தாழ 10.4 மில்லிவிநாடி. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு கருவியைக் கண்டுபிடிக்கச் சுமார் ஒரு விநாடி. பத்துக் கருவிகளுக்குப் பத்துப் பதினோரு விநாடி.

ஐந்தாம் படி: நினைவில் வைத்தல்

முகவரியை நானோவின் ஈஈப்ரோமில், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில், எழுதுங்கள். அழிக்கப்பட்ட ஈஈப்ரோம் 255 என்றே காட்டும் என்பதால் 255 என்றால் 'முகவரி இல்லை' என்று பொருள் கொள்ளலாம். மாஸ்டரும் எந்த எண்ணுக்கு எந்த முகவரி என்ற பட்டியலைத் தன் ஈஈப்ரோமில் வைத்திருக்கட்டும். ஒரு கருவி பழுதாகி அதன் இடத்தில் புதியது வந்தால், காலியான முகவரியை மாஸ்டர் அதற்குக் கொடுத்துவிடும். வேறொரு கம்பியில் ஓடிய பழைய போர்டைக் கொண்டுவரும்போது மட்டும் கவனம் தேவை. அதற்குள் பழைய முகவரி இருக்கும். ஒரு பட்டனை ஐந்து விநாடி அழுத்தினால் 255 ஆகிவிடும்படி எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: எது எங்கே?

இத்தனைக்குப் பிறகும் மாஸ்டருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மூன்றாம் முகவரிக்காரர் கதவோரத்தில் இருக்கிறாரா, பின்சுவரில் இருக்கிறாரா என்பதை எந்தத் தேடலும் சொல்லாது. எண் ஆளைக் காட்டும், இடத்தைக் காட்டாது. மாஸ்டரை லேப்டாப்பில் இணைத்துப் பத்து முகவரிகளின் வெப்பநிலையும் திரையில் ஓடும்படி வையுங்கள். கதவோரத்துச் சென்சாரை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடியுங்கள். அரை நிமிடத்தில் ஒரு வரிசை மட்டும் 26, 28, 31 என்று ஏறும். அந்த முகவரியை ஒரு துண்டு டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிவிட்டு, அடுத்த சென்சாருக்கு நடங்கள்.