நம்ம எம்பி இடதா, வலதா? பார்த்துக்கொள்ளும் வழி

தேர்தல் நெருங்கினால் ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரைக்கும் ஒரே பேச்சுதான்: இவர் இடதுசாரி, தொழிலாளர் பக்கம், அவர் வலதுசாரி, முதலாளி பக்கம். இந்தச் சொல்லை நம்பி ஒருவர் நமக்கு என்ன செய்வார் என்று கணக்குப் போட்டால், இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான நம் மலையகத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் பிழையாகிவிடும். அதற்குப் பதிலாக எதைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். நாட்டுக்கே 'சனநாயக சோசலிசக் குடியரசு' என்றுதான் பெயர். அதை வைத்தது 1978 அரசியலமைப்பு. கொண்டுவந்தவர் ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) தலைவர் ஜே.ஆர். ஜயவர்தன, அதற்கு முந்தின வருஷம் சந்தையைத் திறந்துவிட்டவர்! சோசலிசம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் மதிப்பு அவ்வளவுதான்.

அடுத்து, ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் ஒவ்வொரு கட்சியும் வருஷத்துக்கு வருஷம் என்ன செய்தது என்று பாருங்கள். நமக்குப் பிரஜாவுரிமையைவிடப் பொருத்தமான பிரச்சினை கிடையாது. 1940இல் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்ட போராட்டத்தில் தொழிலாளரோடு நின்றது இடதுசாரியான லங்கா சமசமாஜக் கட்சி. 1948இல் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோதும் அந்தக் கட்சி எதிர்த்தது. சரி, 1964க்கு வாருங்கள். ஜூன் மாதம் அதே கட்சி சிறிமாவோ அரசில் சேருகிறது, என்.எம். பெரேரா நிதியமைச்சர் ஆகிறார், ஒக்டோபரில் அந்த அரசு இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் போட்டு நம்மவரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பச் சம்மதிக்கிறது. இங்கே தங்க அனுமதி 300,000 பேருக்குத்தான். மறுபக்கம், 1948 சட்டத்தைக் கொண்டுவந்தது ஐ.தே.க., நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 1988இல் சட்டம் போட்டதும் ஐ.தே.க. அரசுதான். பறித்ததும் கொடுத்ததும் ஒரே கட்சி. இடையில் அதன் கொள்கை இடப்பக்கம் சாய்ந்துவிட்டதா என்ன? மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் 1978இலேயே அமைச்சரவைக்குள் போய்விட்டார், நம்மவர் வாக்கும் எண்ணிக்கையில் ஏறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆகவே ஒரு தலைவரின் கொள்கையைக் கேட்கும்போதே, அவர் ஜெயிக்க யாருடைய வாக்கு தேவை என்றும் கேட்டு வையுங்கள்.

தொண்டமானையே எடுத்துப் பாருங்கள். தோட்டச் சொந்தக்காரர், பெரிய தொழிற்சங்கத்தின் தலைவர், ஜே.ஆரின் அமைச்சர், மூன்றும் ஒரே ஆள். அவர் அமைச்சராக இருக்கும்போதே 1984 ஏப்ரலில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது. இவரை எந்தப் பக்கத்தில் உட்கார வைப்பீர்கள்? அதற்கு முன் 1972லும் 1975லும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமை ஆனது, ஏட்டில் பார்த்தால் அசல் இடதுசாரி வேலை. ஆனால் அந்தக் காலத்தில்தான் கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம் சனம் அடித்து விரட்டப்பட்டது, பஞ்சமும் அப்போதுதான் வந்தது.

இனி சம்பளம். இதில் மேடைப் பேச்சை விட்டுவிட்டு அரசு அறிவித்தல் வெளியாகும் வர்த்தமானியையும் வீட்டுக்கு வருகிற சம்பளத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது ராஜபக்ச ஆட்சியில். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 என்று அறிவித்தவர் அப்போதைய ஜனாதிபதி ரணில், கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் 1,350தான் நிலைத்தது. 2025 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி அரசு வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்றார்கள், அதில் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவாக அரசே தருவது. தனியார் கம்பனி ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கை வரிப்பணத்திலிருந்து கட்டுவது தொழிலாளருக்கு உதவியா, கம்பனிக்கு உதவியா என்று இரண்டு மணித்தியாலம் சண்டை போடலாம். நான் இரண்டும் என்பேன். ஆனால் எந்தத் தொகை வந்தாலும் கொழுந்து நிறுவையில் நிற்கும் பெண்ணுக்கு முதல் கேள்வி வேறு: இன்றைக்குக் கேட்ட கிலோ சேர்ந்ததா, முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (பாதிச் சம்பளம்)? சம்பளத்தை உயர்த்தியதாகச் சொல்லும் தலைவர் அந்தக் கிலோவைப் பற்றி வாய் திறந்தாரா என்று பாருங்கள். பெரும்பாலும் திறந்திருக்க மாட்டார்கள்.

பாராளுமன்றத்தில் பேசியதெல்லாம் பதிவாகும் ஹன்சாட்டையும் பாருங்கள். பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது, தமிழில் பேசியது தமிழிலேயே அச்சாகியிருக்கும். பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு நடந்தால் யார் ஆம், யார் இல்லை, யார் அந்த நேரம் சபையிலேயே இல்லை என்பது தெரிந்துவிடும். இந்த மூன்றாவது வகை ஆட்களைக் கவனியுங்கள்.

அப்போ இடது, வலது என்ற சொல்லால் பயனே இல்லையா? ஒரு பயன் இருக்கிறது. தன்னை இடதுசாரி என்று சொல்லிக்கொள்பவரை அவர் வாயாலேயே பிடிக்கலாம். ஆனால் கூடவே வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) தொடங்கிய காலத்தில் தன் ஆட்களுக்கு நடத்திய வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம், அதாவது இந்தியா இலங்கைக்குள் கை நீட்டுவது பற்றியது, தோட்டத் தமிழரை அதன் கருவியாகப் பார்த்தது. அந்தக் கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி 2023இல் மலையக மக்களுக்கான வாக்குறுதியாக ஹட்டன் பிரகடனம் வெளியிட்டது, 2024இல் 159 ஆசனத்தோடு ஆட்சிக்கு வந்தது, சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தையும் தொடர்ந்தது. இதில் எந்த வருஷத்துக் கட்சியை இடதுசாரி என்கிறீர்கள் என்று சொன்னால்தான் பேச்சு நகரும்.

வேட்பாளர் நாம் இருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வாக்குக் கேட்டு வரும்போது, ஐயா நீங்கள் இடதா வலதா என்று கேட்டால் சந்தோஷமாக அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார். காணி உறுதி யார் பெயரில், எத்தனை பேர்ச் காணி, எப்போது என்று கேளுங்கள். "பார்ப்போம்" என்றால், எந்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் அதற்குக் காசு ஒதுக்கச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். போனில் ரெக்கோர்ட் பண்ணுவதை மட்டும் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.