மியாமி ஷோபேண்ட் ஆவணப்படத்தை எப்படிப் பார்ப்பது

வட அயர்லாந்தில் மியாமி ஷோபேண்ட் இசைக்குழுவினர் கொல்லப்பட்டதைத் துருவும் ஆவணப்படம் 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எடுத்தவுடனே போட்டுவிடாதீர்கள். யுவிஎஃப், யுடிஆர், ஆர்யுசி, ஐஆர்ஏ என்று பெயர்கள் பறக்கும், யார் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் பாதியில் தூக்கம்தான் வரும்.

அதனால் முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனோடே இருப்போம் என்றவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட், அயர்லாந்தோடு சேர வேண்டும் என்றவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். 1960களின் கடைசியில் தொடங்கி 1998 அமைதி ஒப்பந்தம் வரை நீண்ட இந்தச் சண்டையில் செத்தவர்கள் சுமார் 3,500 பேர். யுவிஎஃப் முதல் தரப்பின் ஆயுதக்குழு, ஐஆர்ஏ இரண்டாம் தரப்பினுடையது, ஆர்யுசி என்றால் போலீஸ். யுடிஆரை மட்டும் தனியாக மனதில் வையுங்கள், படமே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது: உள்ளூர் ஆட்களைச் சேர்த்து 1970இல் அமைத்த பிரிட்டிஷ் ராணுவப் படைப்பிரிவு அது.

அடுத்து, சம்பவத்தை ஒரு தடவை வரிசையாகப் படித்துவிடுங்கள். இதில் என்ன சஸ்பென்ஸ் வேண்டிக் கிடக்கிறது? 1975 ஜூலை 31 அதிகாலை. பான்பிரிட்ஜில் கச்சேரி முடித்துவிட்டு மினிபஸ்ஸில் டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஐந்து பேரை நியூரிக்கு அருகே ராணுவச் சீருடைக்காரர்கள் நிறுத்துகிறார்கள். அது யுவிஎஃப் ஆட்கள் போட்ட போலிச் சோதனைச்சாவடி. இறக்கி வரிசையாக நிற்க வைத்துவிட்டு, வண்டிக்குள் குண்டு வைக்கப் பார்க்கிறார்கள். அது பிறகு வெடித்திருந்தால், பாட்டுக்காரர்களே குண்டு கடத்தினார்கள் என்று கதை கட்டியிருக்கலாம். ஆனால் குண்டு கையிலேயே வெடித்து, அதை வைத்தவர்கள் இருவரும் சாக, மற்றவர்கள் சுடத் தொடங்குகிறார்கள். பாடகர் ஃபிரான் ஓ'டூல், கிதார் கலைஞர் டோனி கெராட்டி, டிரம்பெட் வாசித்த பிரையன் மெக்காய் இறந்தார்கள். மெக்காய் புராட்டஸ்டன்ட், மற்ற இருவரும் கத்தோலிக்கர். ஸ்டீபன் டிராவர்ஸும் டெஸ் லீயும் உயிர் பிழைத்தார்கள். டிரம்மர் தன் காரில் வேறு பக்கம் போயிருந்ததால் தப்பினார்.

சரி, இப்போது படத்தைப் போடலாம், பக்கத்தில் ஒரு தாளோடு. அதில் மூன்று கட்டம்: நீதிமன்றத்தில் நிரூபணமானது, அதிகாரபூர்வ மறுஆய்வு சொன்னது, ஆட்கள் சொல்வது. தண்டனை பெற்ற மூவரில் இருவர் சம்பவத்தின்போது யுடிஆர் பணியில் இருந்தவர்கள் என்பது முதல் கட்டம். யுவிஎஃப்பின் ராபின் ஜாக்சனை அவரது கைரேகை கொலை ஆயுதம் ஒன்றோடு இணைக்கிறது என்று பழைய வழக்குகளை ஆராய்ந்த போலீஸ் குழு 2011இல் சொன்னது இரண்டாவது. சாவடியில் சுத்தமான ஆங்கிலேய உச்சரிப்போடு ஒருவர் உத்தரவு போட்டார் என்று டிராவர்ஸ் சொல்வது மூன்றாவது.

அந்த ஆங்கிலேயர் ராபர்ட் நைராக் என்ற ராணுவ அதிகாரிதான் என்ற பேச்சு வரும்போதுதான் தாள் உதவும். ஒரு முகத்தைக் காட்டி, பின்னணி இசையைக் கூட்டி, நாலு பேர் அடுத்தடுத்துப் பேசினால் நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம். அது நிரூபணமாகவில்லை. நைராக்கை 1977இல் ஐஆர்ஏ கொன்றுவிட்டதால் அவரிடம் கேட்கவும் வழியில்லை. அதற்காக டிராவர்ஸை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை, சுடப்பட்டுக் கிடந்து எழுந்த மனிதர் அவர். உச்சரிப்பைக் கேட்டது ஒன்று, ஆள் இன்னார் என்பது வேறு, இரண்டையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

டிராவர்ஸ் பேசும் இடங்களில் மொபைலைத் தள்ளி வையுங்கள். வண்டியின் பின்பக்கம் துழாவியவர்களிடமிருந்து தன் கிதாரைக் காப்பாற்றத்தான் அவர் வரிசையை விட்டுப் போனாராம், முதுகில் குத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். இசைக்காரனுக்கு அந்த நேரத்திலும் கவலை கருவியைப் பற்றித்தான்.

படம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வழக்கு அதோடு நிற்கவில்லை. உயிர் பிழைத்தவர்களும் குடும்பத்தினரும் பாதுகாப்பு அமைச்சகத்தின் மீதும் போலீஸ் மீதும் தொடுத்த சிவில் வழக்கு 2021 டிசம்பரில் சுமார் 15 லட்சம் பவுண்டு இழப்பீட்டோடு சமரசமானது. அந்தச் செய்திகளைத் தேடிப் படித்து, மூன்றில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பாருங்கள். எனக்கு நாலாவது கட்டம் போட வேண்டியிருந்தது.